இருந்த இடத்திலேயே

சலவைக்கடைக்காரிக்கு இரக்கம் வந்தால் முதலில் கோபம்தான் வெளியே வரும். அவள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தால், யார் உங்களை நனையச் சொன்னது என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளிவிட்டுத்தான் மாத்திரையைக் கையில் கொடுப்பாள். திட்டு எவ்வளவு நீளமோ காய்ச்சல் அவ்வளவு கடுமை என்று தெரிந்துகொள்ளலாம், தனியாகத் தெர்மாமீட்டர் எதற்கு என்பார் அவர்.

அந்தக் கோபத்தோடுதான் அவள் அன்று சாயங்காலம் மீட்டர் என்று எல்லோரும் கூப்பிடும் மனுஷரைக் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுத்தாள். மழை அப்போதுதான் பிடித்திருந்தது. கடல் இருக்கும் பக்கம் கடலே தெரியவில்லை.

அவளுடைய கடை கடற்கரைச் சாலையில், வரிசையாக நிற்கும் ஆறு கடைகளில் கடைசி. நான்கு துவைக்கும் மெஷின், மூன்று உலர்த்தும் மெஷின், காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. வருகிறவர்கள் அவர்களே துணியைப் போட்டு எடுத்துக்கொள்வார்கள். மிச்ச நேரத்தில் விடுதிகளிலிருந்து வரும் துண்டுகளையும் படுக்கை விரிப்புகளையும் அவள் துவைத்து மடித்துக் கொடுப்பாள். சாலைக்கு எதிர்ப்புறம் கார் நிறுத்துமிடம். அதன் ஓரத்தில், இரண்டு வருஷமாக மூடிக் கிடக்கும் ஐஸ்கிரீம் கடைக் கூண்டு ஒன்று. அதன் முன்பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குத் தகரக் கூரை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே அட்டையை விரித்து மீட்டர் படுத்திருப்பார். அதற்குப் பின்னால் கைப்பிடிச் சுவர், அப்புறம் மணல், அப்புறம் தண்ணீர். கடலைப் பார்த்த வீடு வேண்டுமென்று ஜனங்கள் ஆயுசு முழுக்கக் கடன் கட்டுகிறார்கள். மீட்டருக்கு அது சும்மா கிடைத்தது என்று அதே வரிசையில் மூக்குக்கண்ணாடி விற்கும் கண்ணாடிக்கடைக்காரர் ஒருமுறை சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்தான். தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கும் பொறுப்பையும் அவரே வைத்துக்கொண்டிருந்தார்.

மீட்டர் என்பது அவருடைய பெயரல்ல, பார்த்த வேலை. இருபத்தாறு வருஷம் இந்தப் புறநகரில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைக் குறித்துக்கொண்டு வந்தவர். எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, எந்த வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பின்னால், எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்பதெல்லாம் விரல்நுனியில் இருந்தது. பிறகு தானே கணக்கு அனுப்பிக்கொள்ளும் மீட்டர்கள் வந்தன. மனுஷர் வேலையிலிருந்து வெளியே வந்தார். குடியிருந்த அறையைப் புதிதாக வாங்கியவர், விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கொழிக்கலாம் என்று கண்டுபிடித்தார். தங்கை வீட்டில் ஒரு வருஷம், தங்கை புருஷனின் முகம் கோணிய பிறகு பழைய காரில் எட்டு மாதம், காரை நகராட்சி இழுத்துக்கொண்டு போன பிறகு ஐஸ்கிரீம் கூண்டு. எங்கேயும் பெரிய விபத்தோ பெரிய தப்போ இல்லை. ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வந்து ஒருநாள் பார்த்தால் படியே இல்லை.

பகலில் கார் நிறுத்துமிடத்து வாசலில் நிற்பார். குறுக்குக் கட்டை தூக்குவதற்காக வண்டிகள் அரை நிமிஷம் நிற்குமே, அந்த இடத்தில். வாயைத் திறந்து கேட்கமாட்டார். தொப்பியைக் கழற்றி இடுப்புக்குக் கீழே பிடித்திருப்பார், அவ்வளவுதான். ஏற்றிவிட்ட கண்ணாடியைத் தட்டமாட்டார். ஒரு வண்டியிடம் வாரத்துக்கு இரண்டு தரம் நிற்கமாட்டார். வண்டி நம்பரெல்லாம் அவருக்கு மனப்பாடம். வருஷக்கணக்காகத் தங்கள் வீட்டுக்குள் நுழைந்து போனவர் என்று அந்த வண்டிக்காரர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கு எல்லோரையும் தெரியும். அந்தச் சிவப்புக் காரில் வரும் நாய் தன்னைப் பார்த்தால் இன்னும் வாலை ஆட்டுகிறது, ஆனால் நாயை வைத்திருப்பவர்தான் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார் என்று சலவைக்கடையில் உட்கார்ந்து சொல்வார். சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே சிரிப்பு வரும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் அவள் கடைக்குப் பழக்கமானதும் வேலையால்தான். முதல் தடவை துணி துவைக்க வந்தபோது சுவரில் இருந்த மீட்டரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். இரண்டாவது உலர்த்தும் மெஷின் ஓடும்போது இது இப்படி ஏறக்கூடாதே என்றார். ஆளை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏதோ ஒரு கம்பி கருகிக் கிடந்தது. அன்றிலிருந்து அவருக்கு வாரம் ஒருமுறை சலவை இலவசம். அவரும் திங்கள்தோறும் மீட்டரைப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போவார். அவளை 'அம்மா' என்பார். அவள் நல்ல மனநிலையில் இருந்தால் 'அண்ணே', இல்லாவிட்டால் 'மீட்டர்'.

அந்த மழை நாளுக்குப் பதினெட்டு நாள் முன்னால், விடிகிற நேரத்தில், நகராட்சியின் வீட்டுவசதிப் பிரிவிலிருந்து ஒரு கணக்கெடுப்புப் பெண் வந்து மீட்டரை எழுப்பியிருந்தாள். கையில் டார்ச், தோளில் பை, சின்ன வயசு. வீடில்லாதவர்களுக்கு ஆளுக்கொரு அறை கொடுக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் உங்களைச் சேர்க்கலாம் என்றாள். அதற்கு ஒரு விதி உண்டு. விண்ணப்பித்தவர் தெருவில்தான் படுக்கிறார் என்பதை அதிகாரி இரண்டு தரம் நேரில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவே மூன்று வாரத்துக்கு மேல் போகக்கூடாது. எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். வரும்போது ஆள் இல்லையென்றால், அவருக்குப் போக ஒரு இடம் இருக்கிறது என்று பொருள், பெயர் நீங்கிவிடும். மறுபடி கேட்க ஆறு மாதம் ஆக வேண்டும்.

அந்த முதல் முறை முடிந்தது. இரண்டாவதற்குத்தான் காத்திருந்தார். இதற்கு முன்னால் அப்படி ஒரு காவலை யாரும் காத்திருக்கமாட்டார்கள், அதுவும் காலிக் கூண்டுக்கு. மூன்று மணிக்கே விழித்துக்கொள்வார். வயிறு சரியில்லாத அன்றுகூடப் பொதுக் கழிப்பறைக்கு ஓடிவிட்டு ஓட்டமாகத் திரும்பிவந்தார். பழைய சிநேகிதர் ஒருவர் தன் வேனில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, வீடு கிடைத்ததும் நீ வந்து படு என்று சொல்லி அனுப்பினார். தினமும் காலை ஆறரைக்குச் சங்கத்து ஆள் குழாயைப் பிடித்துக் கூண்டின் முன்பக்கத்தைக் கழுவுவார். கழுவுவது தரையை அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். மீட்டர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். தரை காய்ந்ததும் பழைய இடத்திலேயே, தலையைப் பழைய பக்கத்திலேயே வைத்துப் படுப்பார். சலவைக்கடையில் அவர் பேச்செல்லாம் அந்த அறையைப் பற்றித்தான். அதில் ஜன்னல் இருக்கிறதோ இல்லையோ, கதவு இருக்கும். உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தூங்க வேண்டும், யாரும் எழுப்பக்கூடாது, அதற்கு மேல் ஒரு ஆசையும் இல்லை என்பார்.

இந்த நிலையில்தான் மழை வந்தது. அவள் ஏழு மணிக்குக் கடையைச் சாத்த வெளியே வந்து எதிரே பார்த்தாள். காற்று கடல் பக்கத்திலிருந்து அடித்ததில் தகரக் கூரை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலிருந்தும் ஒன்றுதான். அட்டை ஊறிக் கஞ்சியாகிக் கிடந்தது. மீட்டர் அதன்மேலேயே குந்திக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பல் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தார். குடையை எடுத்துக்கொண்டு போய் நெற்றியில் கை வைத்தாள். கொதித்தது.

"எந்திரிங்க அண்ணே. உள்ள வந்து படுங்க."

"இன்னும் மூணே நாள்தாம்மா. பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துர்றேன்."

"பல்லுதான் தந்தி அடிக்குதே, எங்க கடிக்கிறது. இந்த மழையில எந்த ஆபீசர் வருவாங்க? அந்தப் பொண்ணுக்கு என்ன பைத்தியமா?"

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் திட்ட ஆரம்பித்தாள். செத்துப்போன ஆளுக்கு எந்த நகராட்சியும் அறை கொடுக்காது என்றாள். நாளைக்குக் காலையில் நான் வந்து பார்க்கும்போது விறைத்துக் கிடந்தால் என் கடை வியாபாரம்தான் கெடும் என்றாள். இன்னும் என்னவெல்லாமோ சொன்னாள். காய்ச்சல் வந்தவருக்கு எவ்வளவு நேரம்தான் எதிர்த்துப் பேச முடியும்? எழுந்து வந்தார். வரும்போது இரண்டு தரம் திரும்பி அந்த ஊறிப்போன அட்டையைப் பார்த்தார். அவள் அதையும் கவனித்தாள். கவனித்தும் கையை விடவில்லை.

அவருடைய ஈரத் துணிகளை மெஷினில் போட்டாள். மாற்றிக்கொள்ள, வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போய் மாதக்கணக்காக யாரும் கேட்டு வராத துணிகள் தொங்கும் கம்பியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்த நல்ல சட்டை. மாத்திரையும் ரொட்டியும் சூடாகத் தேநீரும் கொடுத்தாள். உலர்த்தும் மெஷின் பக்கத்தில் பெஞ்சைத் தள்ளிப்போட்டு விடுதிப் போர்வை இரண்டை விரித்தாள். ஒன்றுதான் உறுத்தியது. அந்த ஷட்டருக்கு வெளிப்பக்கம்தான் பூட்டு. பூட்டாமல் விட்டால் பத்து மணிக்கு எல்லாக் கடைப் பூட்டையும் இழுத்துப் பார்க்கும் சங்கத்துக் காவலாளி ஊரைக் கூட்டிவிடுவான். ஆளை உள்ளே வைத்து எப்படிப் பூட்டுவது என்று தயங்கி நின்றாள். மீட்டர் போர்வைக்குள்ளிருந்து, பூட்டிக்கொண்டு போங்கள், கழிப்பறை உள்ளேயே இருக்கிறது, ராஜா மாதிரி இருப்பேன் என்றார்.

வீட்டில் போய்ச் சொன்னதற்கு வீட்டுக்காரர், அப்படியே நம் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கிண்டல் செய்தார். அந்த வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மகளும் மருமகனும் கைக்குழந்தையும், இன்னொன்றில் இவர்கள் இருவரும், நடுவில் தொட்டில். ஆனாலும் அவள் அன்று சண்டை போடவில்லை. மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது, மீட்டர் காய்ந்த இடத்தில் இருந்தார். படுத்ததும் தூங்கிப்போனாள். அப்படி நிம்மதியாகத் தூங்கியதை நினைத்து இன்றைக்கும் தன்னையே திட்டிக்கொள்கிறாள்.

காலை ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினாள். மீட்டர் தன் பழைய துணியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை மடித்துப் பக்கத்தில் இருந்தது. போர்வைகளும் மடித்திருந்தன. 

"வந்துச்சும்மா அந்தப் பொண்ணு" என்றார்.

நாலே முக்காலுக்கு வந்திருக்கிறாள். அந்தக் கொட்டுகிற மழையில். ஷட்டரின் நடுவில் கம்பி வலை இருக்கிறது. அதன் வழியாக எதிரே டார்ச் வெளிச்சம் கூண்டின் மேல் விழுவதை மீட்டர் பார்த்துவிட்டார். வெளிச்சம் அட்டையின் மேல் போனது, கூண்டைச் சுற்றி வந்தது, நின்றது. அவர் எழுந்து ஷட்டரைத் தட்டினார். கையால் தட்டினார், பிறகு பெஞ்சிலிருந்த தேநீர்க் குவளையால் தட்டினார். இருமிக்கொண்டே கத்தினார். கடைசியில் அவளுக்குக் கேட்டுவிட்டது. கேட்காமலே போயிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருக்கலாம். கேட்டது. சாலையைத் தாண்டி வந்து, வலை வழியாக டார்ச்சை அடித்துப் பார்த்தாள். உள்ளே கதகதப்பான அறையில், தேய்த்த வெள்ளைச் சட்டையில், பின்னால் விரித்த படுக்கையோடு, பூட்டிய கதவுக்குள் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

இன்று ஒருநாள்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் என்றும் சொல்லியிருக்கிறார். இப்போது பூட்டு மட்டும் திறந்திருந்தால் அங்கே போய்ப் படுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் வலை வழியாக இன்னொரு தரம் டார்ச்சை அடித்துப் பார்த்தாளாம். பிறகு, நான் பார்த்ததைத்தான் எழுத முடியும், படமும் எடுக்க வேண்டும் என்றாளாம். படம் எடுக்கும்போது அவர் என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அதைச் சொல்லும்போதும் கை பழைய சட்டையின் காலருக்குப் போனது.

"இந்த மழையில எதுக்கு வந்தா?" என்று கேட்டாள் சலவைக்கடைக்காரி.

"மழை நாளாப் பாத்துத்தான் வருவாங்களாம். போக்கிடம் இருக்கிறவன் எல்லாம் மழைன்னா போயிருவானாம். இல்லாதவன் மட்டும்தான் இருப்பானாம். அப்பத்தான் சரியாத் தெரியுமாம்." மடித்த வெள்ளைச் சட்டையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "உங்க மேல தப்பில்லம்மா" என்றார்.

அவர் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டி எப்படியாவது அதைக் கடந்திருப்பாள். அவர் எழுந்து, போகிற போக்கில் சுவரில் இருந்த மீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து கூண்டுக்குப் போனார்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் நடுப்பகலில் கடையைச் சாத்தினாள். வீட்டுவசதிப் பிரிவு நூலகத்துக்கு மேல்மாடியில் இருந்தது. நம்பர் சீட்டை வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அதில் பாதி கேட்கக்கூடாத வார்த்தைகள். கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் அதே கணக்கெடுப்புப் பெண். மேசைக்கு அடியில் செய்தித்தாளை விரித்து அவளுடைய ஈரச் செருப்பு காய்ந்துகொண்டிருந்தது. வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள், தும்மிக்கொண்டிருந்தாள். அடுக்கி வைத்திருந்ததில் முக்கால்வாசி அந்தச் செருப்பைப் பார்த்ததும் போய்விட்டது.

நடந்ததைச் சொன்னாள். அவர் தானாக வரவில்லை, நான்தான் இழுத்துப்போட்டேன், அவர் வரமாட்டேன் என்றுதான் சொன்னார் என்றாள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். திரையில் மீட்டர் நின்றார். தலை சீவாத, கண் உள்ளே போன மனிதர். ஆனால் சட்டை மட்டும் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவருடையது. படத்துக்குக் கீழே, 'கட்டடத்துக்குள், படுக்கை வசதியுடன்' என்று இருந்தது.

"நான் நம்புறேன்மா. நான் நம்பி என்ன? மேல இருக்கிறவங்க இந்தப் படத்தைத்தான் பாப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

"ஆறு மாசம் அந்தாளு தாங்கமாட்டார்மா. இருமலைக் கேட்டீங்கல்ல?"

அந்தப் பெண் கேட்டிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றாள். தங்கியிருந்த இடத்தை ஒருவர் இழந்துவிட்டால் அவருடைய கோப்பை மறுபடி திறக்கலாம். முதலிலிருந்து இரண்டு தரம் பார்க்க வேண்டும், மூன்று வாரத்துக்குள். ஆனால் இடம் கொடுத்தவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். சலவைக்கடைக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'மேற்படி நபரை இன்றைய தேதியில் என் இடத்திலிருந்து வெளியேற்றிவிட்டேன். இனி எக்காரணம் கொண்டும் அவருக்குத் தங்க இடமோ படுக்கையோ அளிக்கமாட்டேன்.' கீழே சின்ன எழுத்தில், இது பொய்யென்று தெரிந்தால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும் என்று இருந்தது.

"நான் வெளியேத்தவே இல்லையே" என்றாள்.

"தெரியும்மா."

"எக்காரணம் கொண்டும்னா? உயிர் போறாப்ல இருந்தாலுமா?"

அந்தப் பெண் மேசையைப் பார்த்துக்கொண்டு, தானும் வாடகை வீட்டில்தான் இருப்பதாகவும், இந்த வேலை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலைதான் என்றும் சொன்னாள். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. ஆனால் இருவருக்கும் புரிந்தது. சலவைக்கடைக்காரி கையெழுத்துப் போடாமல் தாளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

போடாமலிருக்க முடியுமா என்று இரண்டு நாள் பார்த்தாள். ஆறு மாதமும் கடையிலேயே மீட்டரைத் தங்கவைத்துவிட்டால்? கண்ணாடிக்கடைக்காரர் முந்திக்கொண்டார். கடையில் ஆள் படுத்திருந்த விஷயம் காவலாளி வழியாக அவருக்குப் போய், அவர் வழியாகக் கட்டடச் சொந்தக்காரருக்குப் போயிருந்தது. சொந்தக்காரர் போனில் மரியாதையாகத்தான் பேசினார். ஒப்பந்தத்தில், கடைக்குள் யாரும் தங்கக்கூடாது என்கிற பன்னிரண்டாவது வரியைப் படித்துப் பாருங்கள், இன்னொரு தரம் நடந்தால் எனக்கும் வேறு வழியில்லை என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரரிடம், கூட்டிக்கொண்டு வரச் சொன்னீர்களே, வரட்டுமா என்று நேராகவே கேட்டாள். அவர் கிண்டல் செய்யவில்லை. தொட்டிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். மகள் எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

மறுநாள் தாளை மீட்டரிடம் காட்டினாள். அவர் நின்றபடியே இரண்டு தரம் படித்தார். போடுங்கம்மா, இதில் எழுதியிருப்பது என் நல்லதுக்குத்தானே என்றார். அவளுடைய பேனா எழுதவில்லை, அவரே தன் சட்டைப் பையிலிருந்து பழைய பேனாவை எடுத்து, உதறி, காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். உங்களை நான் வெளியேற்றிவிட்டேன் என்று அவர் கொடுத்த பேனாவாலேயே அவள் கையெழுத்துப் போட்டாள்.

கோப்பு திறந்தது. அடுத்த வாரம் ஒரு தூறல் நாளில் கணக்கெடுப்புப் பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒன்று முடிந்தது. அதற்கப்புறம் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிட்டது. பதினோரு நாள் ஒரு பொட்டு மழை இல்லை. விடுமுறைக்காரர்கள் வந்தார்கள், குழந்தைகள் மணலில் ஓடினார்கள், கண்ணாடிக்கடைக்காரர் கறுப்புக் கண்ணாடிகளை வாசலில் அடுக்கினார். மீட்டர் பகலில் கார் வாசலில் தொப்பியோடு நின்றார். இருமல் வந்தால் திரும்பிக்கொண்டு இருமிவிட்டு, மறுபடி வண்டிகளைப் பார்த்து நின்றார். இருமுகிறவனுக்கு யாரும் கண்ணாடியை இறக்கமாட்டார்கள். காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. இலவச மருத்துவமனையில் மருந்து கொடுத்துவிட்டு, ஈரம் படாமல் கதகதப்பாகப் படுங்கள் என்றார்களாம். அவர் அதைச் சிரிப்புக்காகத்தான் அவளிடம் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கடல் கறுத்தது. நாலு மணிக்குப் பிடித்த மழை ஏழு மணிக்கும் விடவில்லை. போன தடவை அடித்த அதே காற்று, அதே பக்கம். அவள் கடைக்குள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். எதிரே குந்தியிருந்த உருவத்தைக் கம்பி வலை வழியாகப் பார்க்காமலிருக்க முடியவில்லை. ஏழே காலுக்குமேல் தாங்கவில்லை. உலர்த்தும் மெஷினிலிருந்து சுடச்சுட ஒரு பெரிய துண்டை எடுத்து மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். யாருக்குப் பயந்து மறைத்தாளோ அவளுக்கே தெரியாது.

துண்டைத் தோளில் போர்த்தினாள். அவர் அதைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடினார். அப்புறம் எடுத்து அவள் கையிலேயே திணித்தார்.

"படுக்கைன்னு எழுதிப்புட்டா? விடுதிப் பேரு வேற தச்சிருக்கு. வேணாம்மா."

"அண்ணே, ஒரு மணி நேரம். உள்ள வந்து உக்காந்துட்டு வந்துருங்க. நான் கூடவே இருக்கேன், பூட்ட மாட்டேன்."

"பூட்டுங்கம்மா. பூட்டிட்டு வீட்டுக்குப் போங்க."

அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். வழக்கமாக வந்து நிற்கும் வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. அடம்பிடிக்கும் குழந்தையிடம் தோற்றவள்போல் திரும்பிப் போய், விளக்கை அணைத்து, ஷட்டரை இறக்கி, பூட்டைப் போட்டாள். சாவி இரண்டு தரம் தவறியது. பின்னால் காலடி கேட்டது. மீட்டர் நனைந்துகொண்டே சாலையைக் கடந்து வந்திருந்தார். குனிந்து பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்தார், இன்னொரு முறையும் இழுத்தார். இருபத்தாறு வருஷம் வீட்டு வாசல்களில் சொன்ன அதே குரலில், "சரியா இருக்கும்மா" என்றார். திரும்பி நடந்தார். அட்டையின்மேல், பழைய இடத்தில், தலையைப் பழைய பக்கத்தில் வைத்துப் படுத்தார். இருமல் சாலையின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

அவள் குடையை விரிக்கவில்லை. கையில் துண்டு இன்னும் சூடாக இருந்தது. விடிவதற்குள் அந்தப் பெண் வந்துவிட வேண்டும், அதுவரைக்கும் இந்த மழை மட்டும் நின்றுவிடக் கூடாது, இன்னும் கொஞ்சம் பலமாகப் பெய்தால்கூட நல்லது என்று அவள் வேண்டிக்கொண்டு நின்றாள்.